பிள்ளைக் காம்பராவில் ஒரு மியூசியம்

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புதிய சிறுவர் நிலையம் கட்டித் திறந்த பிறகு பழைய பிள்ளைக் காம்பரா சும்மா கிடந்தது. கருங்கல் சுவர், தகரக் கூரை, உத்தரத்தில் தொட்டில் சேலை கட்டுவதற்காக அடித்த இரும்புக் கொக்கிகள். கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுப்போன பிள்ளைகளை மூன்று தலைமுறையாக அந்தக் கொக்கிகள் தாங்கின; நானும் அதில் ஆடியவள்தான். பிள்ளைகள் போனதும் சீட்டாடுகிறவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் கிளப்பிவிட்டு அங்கே ஓர் அருங்காட்சியகம் வைக்கலாம் என்று நாங்கள் சிலர் பேசத் தொடங்கினோம். கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: “வெக்கிறதுக்கு நம்மகிட்ட என்னா டீச்சர் இருக்கு?”

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. மியூசியம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கொழும்புதான். பாடசாலைச் சுற்றுலாவில் தேசிய நூதனசாலைக்குப் போய், கண்டியின் கடைசி அரசனுடைய சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு வருவோம். கண்டிக்கு மேலே ஹந்தானையில் ஒரு பழைய தேயிலை ஸ்டோரை, அதாவது தொழிற்சாலையை, 2001இல் தேயிலை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். நல்ல இடம்தான். ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் அந்தக் காலத்து எந்திரங்களும் ஒழுங்காக அடுக்கியிருக்கும். ஆனால் எங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனால் ரோலரைக் காட்டி, “இதே மாதிரி மிஷின்லதான் எங்கப்பா வேலை செய்றாரு” என்பார்கள். பழசென்று கண்ணாடித் தடுப்புக்குள் வைத்திருப்பது அவர்கள் வீட்டில் இன்றைய பிழைப்பு.

என் கண்ணைத் திறந்துவிட்டது இறம்பொடை. அங்கே பழைய பீகொக் தோட்டத்தில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது, அதுவும் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குள்ளேயே. அதைப் போய்ப் பார்த்த அன்று எனக்கு அழுகையோ பெருமிதமோ வரவில்லை. ‘இதெல்லாம் எங்கள் வீட்டிலும் கிடக்கிறதே’ என்றுதான் தோன்றியது. பெரியவரின் கேள்விக்குப் பதில் அதுவாகத்தான் இருந்தது.

முதலில் வந்தது ஒரு மட்டக்கம்பு. தேயிலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்தெடுக்கிறவள் செடியின் தலையில் நேராக ஒரு கம்பை வைப்பாள். கம்புக்கு மேலே நிற்கும் இலையைத்தான் கிள்ள வேண்டும். கீழே உள்ளது அடுத்த முறைக்கு. மலை முழுவதும் மேசை விரித்ததுபோல் மட்டமாக இருப்பது இந்தக் கம்பினால்தான். சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கும் அந்தப் பச்சை அழகுக்குப் பின்னால் இப்படி ஒரு கம்பு இருப்பதை எந்த அஞ்சலட்டையிலும் காணமுடியாது. பெரியம்மா ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கம்பு, பிடிக்கிற இடத்தில் கைபட்டுப் பட்டு மெலிந்து, கறுத்து, மெருகேறியிருந்தது. “சும்மா சுவத்துல சாத்தி வெச்சா ஆருக்கு வெளங்கும்?” என்று கேட்டுவிட்டு, அவரே பாய் ஒன்றை விரித்து, கம்பை அதன்மேல் போட்டு, இரண்டு கையாலும் வெறும் காற்றில் கிள்ளிக் காட்டினார். விரல்கள் போன வேகத்தில் எங்களுக்குக் கண் எட்டவில்லை. அன்றே ஒரு முடிவு எடுத்தோம்: எந்தப் பொருளை வைத்தாலும் அதைப் பிடித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிறும்தான் திறப்போம். வேலைநாளில் திறந்தால் காட்டுகிறவர் மலையில் நிற்பார்.

பிறகு வரிசையாக வந்தன. கவ்வாத்துக் கத்தி, முள்ளு, இடுப்பில் சுற்றும் படங்கு, தலையில் மாட்டும் கயிற்றோடு கூடை, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட அடித்த தப்பு, காமன் கூத்துச் சாமான்கள். கறுப்புக் கம்பளி ஒன்று கிடைத்தது. அதைத் துரை சும்மா கொடுத்தார் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். வந்திறங்கியவர்களுக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்துவிட்டு அதன் விலையைக் கணக்கில் ஏற்றிக் கூலியில் கழித்தார்கள் என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கொழுந்து நிறுக்கும் தராசுக்குத்தான் பெரிய கூட்டம். ஸ்டோரில் கழித்துப்போட்டதைப் பழைய இரும்புக்காரர் வாங்கியிருந்தார். அவரிடம் காசு கொடுத்து மீட்டோம். எங்கள் கணக்குப் புத்தகத்தின் முதல் செலவு அதுதான். கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று எடுத்த கொழுந்தில் கிலோ கணக்காக வெட்டிய தராசு. அதைக் கண்டதும் பெண்கள் சும்மா போகமாட்டார்கள். ஒருத்தி அதில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “எத்தன கிலோ தின்ன நீ!” என்று திட்டினாள். தடுப்புப் போட்டுப் பொருளைத் தொடவிடாமல் காப்பதுதான் முறை என்று படித்தவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். தராசுக்கு மட்டும் நாங்கள் தடுப்புப் போடவில்லை.

ஓர் அப்பாயியின் சுருக்குப் பையிலிருந்து தகரவில்லை ஒன்று வந்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டத் தகடு, மேலே துளை, தோட்டத்துக்கு உரிய எழுத்தும் எண்ணும் அடித்திருந்தது. இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவர இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வில்லை முறையைக் கொண்டுவந்தார்கள். 1904இல் துரைமார் சங்கம் திருச்சியில் ஆள்சேர்ப்பு ஆணையகம் ஒன்றைத் திறந்தது. அங்கே சேர்த்த ஆள் கழுத்தில் இந்த வில்லையைக் கட்டிக்கொண்டு, மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, கப்பலேறி, ரயிலேறி, எந்தத் தோட்டத்து எண்ணோ அந்தத் தோட்டத்தில் வந்து விழுவார். வழிச் செலவெல்லாம் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆளைப் பொதி அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒருமுறை நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பாயியின் பேரன் குறுக்கிட்டான். “இல்ல டீச்சர். இத வெச்சிருந்ததாலதான் எங்க பூட்டன் எந்த வருசம் வந்தாருன்னு தேடலாம்னு இருக்கேன்.” அவன் சொன்னதும் சரிதான். அந்த வில்லைக்கான அட்டையில் இரண்டையும் எழுதி வைத்தோம்.

பொருட்களைச் சேர்த்தது சுலபம். கடதாசிதான் கஷ்டம்.

எங்கள் சனத்தின் கதை கடதாசியால் எழுதப்பட்ட கதை. ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது. 1921இல்தான் சட்டத்தால் ஒழித்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் கையில் காட்டக் கடதாசி இல்லாத காரணத்தால் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடமே வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் பெயர் ஒரு பட்டியலில், தங்கச்சி பெயர் இன்னொரு பட்டியலில். இலங்கையில் மிஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க வழி திறந்தது 2003இல், 35ஆம் இலக்கச் சட்டத்தோடு.

இத்தனை பட்ட சனத்திடம் போய், “உங்கள் பழைய கடதாசியைத் தாருங்கள், கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம்” என்றால் தருவார்களா? தரவில்லை. ஒரு தாத்தா அடுப்புக்கு மேலே பரணிலிருந்து றங்குப் பெட்டியை இறக்கி, பிரஜாவுரிமைச் சான்றிதழை எடுத்து, என் கையில் கொடுக்காமல் தன் கையில் வைத்தபடியே காட்டினார். புகை ஏறிப் பழுப்பாகியிருந்தது. “ஆரு கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிட்டுச் செத்தாரு. நீங்க நல்லவங்கதான். இருந்தாலும் குடுக்கமாட்டேன்.”

அவர் சொன்னதுதான் எங்கள் மியூசியத்தின் சட்டமாயிற்று. மூலத்தை வாங்குவதில்லை. வீட்டுக்கே போய்ப் படம் எடுத்து, நகலைத்தான் காட்சிக்கு வைப்போம். பதிவேட்டில் இந்தக் கடதாசி இன்னார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதுவோம். பார்க்க வந்த விஷயமறிந்த ஒருவர், “பாதி நகலாக இருந்தால் இதை அருங்காட்சியகம் என்று எப்படிச் சொல்வது?” என்று உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அதில் கூச்சமில்லை. பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்திலும் மூலம் அதன் நாட்டை விட்டுப் போகக்கூடாது, படிமம்தான் போகும் என்பது விதி. நாட்டுக்குச் சொல்வதை நாங்கள் வீட்டுக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் இருப்பதை எப்படிக் காப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் வருடத்தில் பாதி நாள் மழையும் பனியும். கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சி அரிக்கும். அடுப்புப் புகை கறுப்பாக்கினாலும் பூச்சியை அண்டவிடவில்லை என்பது ஒரு வேடிக்கை. பெரிய எதிரி, டவுன் கடைகளில் போடும் லேமினேட்டிங். பத்திரப்படுத்துவதாக நினைத்துச் சூட்டில் ஒட்டிவிடுவார்கள். பிறகு பிரிக்கவே முடியாது, உள்ளே இருக்கிற ஈரம் கடதாசியைத் தின்றுவிடும். கொழும்பில் ஆவணப் பாதுகாப்பில் வேலைசெய்த ஒருவர் வந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, உறை எப்படி மடிப்பது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் எங்கே வைப்பது என்று காட்டினார். அவருக்கு நாங்கள் கொடுக்க முடிந்தது தேத்தண்ணியும் றொட்டியும்.

ஆராய்ச்சிக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையகத்துக்கு ஆராய்ச்சிக்கு வராதவர்கள் இல்லை. சம்பளம், போஷாக்கு, குடி, வீடு, படிப்பு என்று எங்களைப் பற்றிக் கேட்காத கேள்வி இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழு எங்கள் பொருட்களையெல்லாம் படம் எடுத்தது. கிழவிகளிடம் தாலாட்டையும் ஒப்பாரியையும் மணிக்கணக்காகப் பதிவு செய்தது. பிரதி அனுப்புகிறோம் என்றார்கள். சில வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் எங்கள் பெரியம்மாவின் முகம் முழுப் பக்கத்தில் வந்திருந்தது. கீழே ‘கொழுந்து பறிக்கும் பெண், இலங்கை’ என்று ஒரு வரி. அந்தக் குழுவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த வழக்கம் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். பெர்குசன் டிரெக்டரி என்று பழைய காலத்து விவரத் திரட்டு ஒன்று உண்டு. எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், யார் சொந்தக்காரர், யார் துரை என்று ஒன்றுவிடாமல் இருக்கும். அதில் வேலைசெய்தவர்கள் ஒருவரின் பெயரையும் தேடிப் பிடிக்கமுடியாது.

அதற்குப் பிறகு ஒரு கொப்பி போட்டோம். யார் ஆராய்ச்சிக்கு வந்தாலும் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். பதிவு செய்ததன் பிரதி எங்களுக்கு வரவேண்டும். படத்தில் இருப்பவர் விரும்பினால் பெயர் போடவேண்டும். ஆய்வு முடிந்ததும் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதிவந்து கோயிலடியில் எங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டதும் சிலர் திரும்பி வருவதே இல்லை. வராதது நட்டமில்லை.

வந்தவர்களில் பேராதனையில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி இருந்தாள். அவளும் தோட்டத்துப் பிள்ளை, வேறு மாவட்டம். எங்களிடம் சேர்ந்திருந்த பழைய சம்பளத் துண்டுகளின் நகல்களைக் கட்டுக்கட்டாக எடுத்து, வீட்டுவாரியாகப் பிரித்து, ஆண்டு பார்த்து அடுக்கினாள். ஒரே குடும்பத்தில் கணவன், மனைவி இரண்டு பேருடைய துண்டுகளும் இருக்கிற இடங்களை மட்டும் தனியே எடுத்தாள். ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. 1984 வரை அப்படித்தான். அந்த வருடத்து வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் இருவருக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. இதைச் சட்டப் புத்தகத்தில் படிப்பது வேறு. பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரோடு இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்ப்பது வேறு. அவள் அதை ஒரு பலகையாகச் செய்து கொடுத்தாள்.

அந்தப் பலகையின் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேலையிலிருந்து நின்றுவிட்ட ஓர் அம்மா, பேத்தியை விட்டுத் தன் பெயர் இருக்கிற துண்டை வாசிக்கச் சொன்னார். பேர் (வேலைநாள்) இத்தனை, மேலதிகக் கிலோ இத்தனை, அரிசிக்குப் பிடித்தது, கோயிலுக்குப் பிடித்தது, சங்கச் சந்தா, கைக்கு வந்தது இவ்வளவு என்று பேத்தி வாசித்தாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இந்தக் காச நான் கண்ணால பாத்ததே இல்ல. பெரட்டுக்களத்துல சம்பளம் போடும்போது உங்க தாத்தாதான் போயி வாங்குவாரு” என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் ‘ஆமா ஆமா’ என்றார்கள். அங்கிருந்து பேச்சு தவறணைப் பக்கம் போய், தாத்தாமார் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். பேராதனைப் பிள்ளை கொப்பியைத் திறந்து வேகமாக எழுதத் தொடங்கினாள். அவளுடைய ஆய்வின் இரண்டாம் பாதி அன்றைக்கு அங்கே ஆரம்பித்தது என்று பிறகு சொன்னாள். முடித்ததும் தமிழில் எழுதி வந்து கோயிலடியில் வாசித்தாள். ஓர் இடத்தில் கூட்டத்திலிருந்து திருத்தம் வந்தது, திருத்திக்கொண்டாள். ஆராய்ச்சிக் கூட்டு என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான் என்றால் அது எங்களுக்கு வேண்டும்.

இன்னொரு கூட்டு கடல் தாண்டியது. சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறினார்கள். தமிழ்நாடு அரசு 1968இல் அவர்களுக்கென்றே தேயிலைத் தோட்டம் போட்டது. இங்கே எங்களிடம் அவர்கள் விட்டுப்போன அம்மியும் படமும் இருந்தன. அவர்களிடம் இங்கிருந்து எடுத்துப்போன கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. வாட்ஸப் வந்த பிறகு ஒரு குழு தொடங்கினோம். அங்கிருந்து ஒருவர் கண்டியில் உள்ள இந்திய உதவித் தூதரகத்தில் வாங்கிய கடவுச்சீட்டைப் படமெடுத்து அனுப்புவார், இங்கே ஒருவர் அந்த முகத்தைப் பார்த்து, “எங்க கடைசி லயத்து மாமா!” என்று குரல் அனுப்புவார். இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் தேவைப்படவில்லை. தாளில் இரண்டு படங்களையும் அச்சடித்து அருகருகே ஒட்டியிருக்கிறோம். தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் ஓடிய கப்பல் எண்பதுகளில் நின்றுபோனது. அதோடு முகம் பார்ப்பதும் நின்ற குடும்பங்கள் அவை.

இனிக் காசு.

பெரிதாகக் காசு இல்லாமல் முதல் வருடம் ஓடியது; இரண்டாம் வருடம் கூரை ஒழுகியது. யார் யாரோ சொல்லி, ஒரு வெளிநாட்டு உதவிக்கு விண்ணப்பம் எழுதினேன். இரவு இரவாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதியது. நோக்கம், பயன் பெறுவோர், மூன்று வருடத் திட்டம் எல்லாம் நிரப்பியாயிற்று. கட்டடத்தின் உரிமைப் பத்திரத்தை இணைக்கவும் என்ற கேள்வியில் பேனா நின்றது. பத்திரமா? 1972, 75 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின; 1992இலிருந்து கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஐந்து தலைமுறையாக இருக்கிறவனுக்கே அந்த நிலத்தில் பத்திரம் கிடையாது. ஏழு பேர்ச் காணி கொடுத்தால் அதைப் பெரிய செய்தியாகப் பத்திரிகையில் போடுகிறார்கள். பழைய பிள்ளைக் காம்பராவுக்கு நான் எங்கே போய்ப் பத்திரம் வாங்குவேன்? தோட்ட நிர்வாகம் வாயால் சம்மதித்ததுதான் எங்கள் உரிமை. விண்ணப்பத்தை அந்தக் கேள்வியோடு மூடிவைத்தேன். உதவி செய்கிறவர்கள் இப்படி ஒரு சனம் இருப்பதையும் மனதில் வைத்துப் படிவம் அடித்தால் நல்லது.

பிறகு ஒரு கம்பனி தானாக வந்தது. கூரையை மாற்றித் தருகிறோம், சுவருக்குச் சாயம் பூசுகிறோம், பலகைகளைப் பளபளப்பாக அச்சடித்துத் தருகிறோம் என்றார்கள். நல்ல மனிதர்கள், மரியாதையாகப் பேசினார்கள். ஒரு மூலையை மட்டும் ‘கொஞ்சம் மாற்றி அமைக்கலாமே’ என்றார்கள். அந்த மூலையில் இருந்தவை: 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளப் போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தனைப் பற்றிய பலகை, 1977இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்துப் போய்ச் சுடப்பட்ட சிவனு லெட்சுமணனைப் பற்றிய பலகை, தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய நடேசய்யரையும் மீனாட்சியம்மையையும் பற்றிய பலகை. கூட்டம் போட்டுக் கேட்டோம். கூட்டத்தில் அதிகம் பேசாத தோட்டத் தலைவர் எழுந்து, “கூரை ஒழுகினா வாளி வெக்கலாம்” என்றார். வாளி வைத்தோம். அடுத்த மழைக்காலமும் வைத்தோம். இப்போதும் எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது, நனைந்துபோன தப்பின் தோலை நினைத்து அவ்வப்போது வயிறு எரிந்தாலும்.

வழி எங்களுக்குள்ளேயே இருந்தது. தோட்டத்துத் திருவிழா எப்படி நடக்கிறது? வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி, சம்பளத்தில் பிடித்து, கணக்கைக் கோயிலில் வாசிப்பார்கள். வாசிக்கும்போது ஐந்து ரூபாய் குறைந்தாலும் யாராவது எழும்பிக் கேட்பார். அதே முறையில் மியூசியத்துக்குச் சம்பளத்துக்குச் சம்பளம் வீட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தோம். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான், அதுவும் வர்த்தமானி வந்து வழக்குப் போட்டு இழுபட்ட பிறகு. அந்த நிலைமையில் 20 ரூபாய் கேட்கவும் வாய் கூசியது. கொடுக்க முடியாதவர்கள் ஒரு ஞாயிறு வந்து கூட்டிக் கழுவிவிட்டுப் போகலாம் என்று சேர்த்துக்கொண்டோம். தீபாவளி அட்வான்ஸ் வெட்டுகிற மாதங்களில் வாங்குவதில்லை. கொழும்பில் கடைகளில் நிற்கும் எங்கள் பையன்களும் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போன பெண்களும் அனுப்பியதுதான் பெரிய தொகை. ஒரு பிள்ளை குவைத்திலிருந்து அனுப்பிய காசோடு, ‘பாட்டியோட கூடைக்குப் பக்கத்துல என் பேரு வேணாம் டீச்சர், கூரைக்குப் போடுங்க’ என்று எழுதியிருந்தாள். கூரை மாறியது. யார் எவ்வளவு தந்தார், என்ன செலவாயிற்று என்பது வாசலில் கரும்பலகையில் சோக்கட்டியால் எழுதியிருக்கும். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் உள்ளே இருக்கிறதைவிட அந்தப் பலகையைத்தான் அதிக நேரம் நின்று படமெடுக்கிறார்கள். உண்டியலிலும் போடுகிறார்கள், அதற்கும் நன்றி.

2023இல் மலையகம் 200 வந்தது. 1823இல் கம்பளை சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து எண்ணிய இருநூறு வருடம். ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, முன்னோர் நடந்த பாதையில் மாத்தளை வரை நடந்தார்கள். அந்த மாதங்களில் எங்கும் கண்காட்சி நடந்தது. எங்கள் பொருட்களையும் கேட்டார்கள். பொருளோடு ஆளும் வருவார், ஆளுக்குப் பஸ் காசும் அன்றைய நாட்சம்பளமும் தரவேண்டும் என்றோம். சிலர் ஒத்துக்கொண்டார்கள். மட்டக்கம்போடு எங்கள் பெரியம்மாவும் போனார். மேடையில் கூப்பிட்டுப் பெயர் சொன்னார்கள். திரும்பி வந்து, “நாட்சம்பளம் கையிலயே குடுத்துட்டாங்க” என்றதுதான் அவர் சொன்ன முதல் செய்தி.

விழா முடிந்ததும் கூட்டம் குறைந்தது. அது இயல்புதான். பிள்ளைக் காம்பரா சனி, ஞாயிறுகளில் திறந்துதான் இருக்கிறது. 1921இல் ஒழித்த அந்தக் கடன் துண்டு ஒன்று இன்னும் எங்களுக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை; கட்டடத்துக்குப் பத்திரமும் இல்லை. ஆட்களின் பெயரும் வேலைநாளும் பதிந்த செக்ரோல் புத்தகங்கள் எத்தனையோ தோட்டங்களில் கந்தோரைத் துப்புரவு செய்யும்போது எரிக்கப்பட்டுவிட்டன.

இதை வாசிக்கிறவர் மலையகத்திலோ கொழும்பிலோ, கோத்தகிரியிலோ கூடலூரிலோ, எங்கே இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய சம்பளத் துண்டு, தகரவில்லை, கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு, கடிதம், குழுப் படம் ஏதாவது இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், எங்களுக்கும் தரவேண்டாம். வெளிச்சமான இடத்தில் வைத்து நல்ல படம் ஒன்று எடுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம் என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டுத் தாளில் எழுதி அதோடு வையுங்கள். மூத்தவர் இருக்கும்போதே கேளுங்கள்.